காஜா பேராங்கில் ரத்தம் கேட்கப் போனோம்

மலாக்காவில் என்னைப் பேச அழைத்திருந்த இலக்கிய மன்றம், நான் கப்பலில் குமட்டலோடு படுத்துக்கிடந்த நாட்களில் இரண்டாக உடைந்துவிட்டது. தலைவர் யார் என்பதில் தகராறாம். இறங்கியதும் ஒரு பாதி எனக்கு மாலை போட்டது. மறுபாதி அந்த மாலை தங்கள் கணக்கில் வாங்கியது என்று திருப்பிக் கேட்டது. கூட்டம் தள்ளிப்போயிற்று. திரும்பும் கப்பலுக்கு நாள் இருந்தது. பேசக் கொண்டுவந்த பேச்சைத் தொண்டைக்குழியிலேயே வைத்துக்கொண்டு, செங் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த மாணிக்கத்தின் வீட்டில் பெட்டியை இறக்கினேன்.

மாணிக்கம் என் மனைவியின் தம்பி. சிறுவனாக இங்கே வந்தவன், அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரெசர். ஊசி போடுபவர், புண் கழுவுபவர், டாக்டர் வராத நாளில் டாக்டர், எல்லாருக்கும் இந்த நாட்டில் அந்த ஒரு பெயர்தான்.

"அத்தான், சும்மாதான லா இருக்கீங்க? எங்க டாக்டர் அம்மாவுக்கு நல்ல தமிழ் பேச ஆள் வேணும்."

"மாலை உண்டா?"

"மாலைலாம் கிடையாது. ஊசி வேணும்னா போட்டு விடுறேன்."

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வேனில் ஏறினேன். சுதந்திரம் வாங்கிய மறுவருஷம் அது. முதலாண்டு விழாவுக்காகச் சாலையோரக் கம்பங்களுக்கெல்லாம் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இந்த உற்சாகம் வந்து போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. இங்கே அது இன்னும் ஈரமாக, தொட்டால் கையில் ஒட்டுவதாக இருந்தது.

டாக்டர் லிம் சீனப் பெண்மணி, பினாங்குக்காரர். முப்பதைத் தாண்டியவர். வறுத்த கச்சானை, நம் நிலக்கடலையை, தோல் உரித்து வாயில் போட்டபடியே, தன் வேலை என்ன என்பதை எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். மலேரியாவுக்கு ஒரு மாத்திரை இருக்கிறது; ஈரலுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியையும் துரத்திவிடும். நல்ல மாத்திரை. ஆனால் சிலருடைய ரத்தம் அதைத் தாங்காமல் உடைந்துபோகும். அந்தச் சிலர் எந்த மக்களிடையே அதிகம் என்று தெரியாமல் நாடு முழுக்கக் கொடுக்கக் கூடாது; காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அதற்குள் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூன்று பக்கமும் ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள்.

"தமிழர்களில் இதுவரை கிட்டத்தட்ட யாருக்கும் தொந்தரவு இல்லை. உங்கள் ஆட்கள் அதிர்ஷ்டசாலிகள்" என்றார்.

அன்று போனது ஒரு ரப்பர் தோட்டம். பால் எடுத்து முடித்துவிட்டு காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வந்து நின்றார்கள். ரத்தமும் உடலும் உயிரும் என்று நான் அழகாக ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒரு பெண் கையை உயர்த்தினாள்.

"அதெல்லாம் சரிங்கய்யா. எங்க ரத்தத்த எடுத்து எந்தத் தொரைக்கு ஏத்தப் போறீங்க? ஏத்துனா அவரும் விடியக்காலம் எந்திரிச்சு பால்மரம் வெட்டணும், சொல்லிப்புட்டேன்!"

களமே சிரித்தது. நான் அழகையெல்லாம் மூட்டைகட்டிவிட்டு, மாத்திரை விஷயத்தைச் சாதாரணமாகச் சொன்னேன். அவளே முதலில் கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது கேட்டாள்: "பாத்து முடிச்சதும் எங்களுக்குச் சொல்லுவீங்களா?"

சொல்லி அனுப்புவதாக டாக்டர் லிம் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"சொல்லி அனுப்புறது வேற, வந்து சொல்றது வேற" என்று பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து போனாள்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டார்கள். திருநெல்வேலியில் என் அத்தை வைக்கும் குழம்பின் வாசனை, கடல் தாண்டி ஒரு துளியும் குறையாமல் வந்திருந்தது. தமிழர் போன இடமெல்லாம் தமிழ்நாடு என்ற முடிவோடு அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்த முடிவு மறுநாள் காலை உணவு வரைதான் தாங்கியது.

காஜா பேராங் என்றால் மலாய் மொழியில் சினங்கொண்ட யானை என்றான் மாணிக்கம். யானையும் கண்ணில் படவில்லை, சினமும் படவில்லை. தென்னைகளுக்கு நடுவே ஒரு சின்னக் கோபுரம். வாசல்நிலையில் மாவிலை. நெற்றியில் திருநீறு. வேனிலிருந்து இறங்கும்போதே எனக்குத் தொண்டை திறந்துகொண்டது.

"அன்புள்ள தாய்மார்களே, பெரியோர்களே!"

கோயில் வளாகத்தில் கூடியிருந்த முகங்கள் மரியாதையாக என்னைப் பார்த்தன. நான் பேசப் பேச மரியாதை கூடிக்கொண்டே போயிற்று, வேறொன்றும் நடக்கவில்லை. கடைசியில் கைலி கட்டிய ஒரு மெலிந்த மனிதர் மாணிக்கத்திடம் மலாயில் ஏதோ கேட்டார். மாணிக்கம் உதட்டைக் கடித்தான்.

"என்ன கேட்கிறார்?"

"பாட்டு நல்லா இருக்காம் அத்தான். மேளக்காரங்க எப்ப வருவாங்கன்னு கேக்குறாரு."

இவர்கள் மலாக்காச் செட்டிகள். சுல்தான் ஆண்ட காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டி, இங்கேயே வேர் விட்டவர்களின் வம்சம். சாமி மாறவில்லை, பேச்சு மலாயாகிவிட்டது. பெண்கள் மலாய்ச் சட்டையும் கைலியும் அணிந்து, பொட்டு வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் யாரோ கோபுரத்தைப் பார்த்துத் தமிழர் என்று குறித்து, தமிழ் பேச என்னையும் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். மொழிபெயர்க்க வந்த எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. அன்றிலிருந்து எல்லாப் பேச்சையும் மாணிக்கம் என் காதில் தமிழாக்கிக்கொண்டே வந்தான்.

டாக்டர் லிம் நெற்றியைத் தேய்த்தார். கலந்த வம்சத்தவரைச் சேர்க்கக் கூடாது என்பது அவருக்கு மேலே இருந்து வந்த விதி. சேர்த்தால் மூன்று பக்கக் கணக்கும் கலங்கிப்போகும். ஊசிப் பெட்டியை மூடச் சொன்னார்.

மூடிய பெட்டிக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். வாயில் வெற்றிலை, கொண்டையில் ஊசிகள். எல்லாரும் அவளை மக் லெட்சுமி என்றார்கள். மக் என்றால் அம்மா, பாக் என்றால் ஐயா.

"எங்கள ஏன் விட்டுட்டுப் போறீங்க?"

டாக்டர் தன்மையாகச் சொன்னார்: "மக், நாங்கள் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பிரித்துப் பார்க்கிறோம். நீங்கள் இந்த மூன்றிலும்..."

"மூணுலயும் இல்ல. அப்ப நாங்க என்ன, ஆவியா?"

சிரித்த கூட்டத்தை அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"என் தம்பி கோவிந்து காட்டு வேலைக்குப் போனான். காய்ச்சல் வராம இருக்கன்னு மாத்திர குடுத்தாங்க. வந்து இறங்கும்போது மஞ்சக் கெழங்கு மாதிரி இருந்தான். ஒண்ணுக்குப் போனா கருப்புக் கோப்பி. மூச்சு வாங்கிட்டே போய்ட்டான். இப்ப என் மகன் ராஜா கிளம்பறான், திங்கக்கிழம, பகாங் காட்டுக்கு, ரோடு போட. அங்கயும் மாத்திர உண்டு. முழுங்காதவனுக்கு வேல கிடையாது. அது அவனக் கொல்லுமா கொல்லாதா? இந்த ஒண்ணத்தான் எனக்குத் தெரியணும்."

ராஜா பின்னால் நின்றான். அகன்ற தோள், இருபத்தைந்து வயதுக்குள். பொதுப்பணித் துறைத் தமிழர்களோடு கூலி வேலை செய்து கொஞ்சம் தமிழ் பழகியிருந்தான். என்னிடம் சொன்னான்: "நான் போவேன் சார். புது நாட்டுக்குப் புது ரோடு. அதுல நான் இல்லாம எப்படி?"

டாக்டர் லிம், "தமிழர்களுக்கு இந்த மாத்திரை ஒன்றும்..." என்று ஆரம்பித்து அதிலேயே நின்றுவிட்டார்.

"நாளைக்கு எங்க வீட்ல பார்ச்சு. வாங்க" என்றாள் மக் லெட்சுமி. "யார் யார் சாப்பிட வர்றாங்கன்னு கண்ணால பாருங்க. அப்புறம் சொல்லுங்க, எந்தப் பக்கம்னு."

பார்ச்சு என்றால் முன்னோருக்கு இவர்கள் போடும் படையல். பழக் காலத்தில் ஒரு முறை வரும்.

மறுநாள் அந்த வீட்டை மூக்கினாலேயே கண்டுபிடித்துவிட்டோம். துரியான். எங்கள் பலாப்பழம் கல்லூரிக்குப் போய்க் கெட்டுப்போய்த் திரும்பியதைப் போன்ற பழம். முதலில் கைக்குட்டையைத் தேடினேன். இரண்டாவது சுளையில் கைக்குட்டையை மறந்தேன். மங்குஸ்தானும் ரம்புத்தானும் முற்றத்தில் கூடை கூடையாகக் கிடந்தன.

முன்னறையில் பாய் விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, வாழையிலைகள் போட்டிருந்தார்கள். இதுவரை எனக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டில் எல்லா முன்னோருக்கும் ஒரே வடை, ஒரே பாயசம். இங்கே ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு நாக்கு. செத்தவர் உயிரோடிருந்தபோது எதை ஆசையாகச் சாப்பிட்டாரோ அது அவர் இலையில் இருக்க வேண்டும்.

ஓர் இலையில் வெறும் சோறு, பருப்பு, காய். "கப்பல்ல வந்தவரு. மீன் தொடமாட்டாரு" என்றாள் மக் லெட்சுமி. பக்கத்து இலையில் பெலாச்சான் சம்பல், வெள்ளரிப் பிஞ்சு, பச்சைத் தழை: "அவரு பொண்டாட்டி. ஆத்துப் பக்கத்து மலாய்ப் பொண்ணு. இந்த வாசன இல்லாட்டி கோவிச்சுட்டுப் போயிரும்." பெலாச்சான் என்பது இறால் விழுது, அதன் வாசனை யாரையும் எழுப்பும், செத்தவரையும். தள்ளி ஓர் இலையில் ஆவியில் வெந்த வெள்ளைப் பலகாரம், கண்ணாடிக் கிண்ணத்தில் வெளிர்த் தேநீர். "என் அம்மாவோட அம்மா. தெங்கேரால சீன வீட்டுல பொறந்து, எங்க தாத்தாவக் கட்டிட்டு இங்க வந்து திருநீறு பூசிக்கிட்டவ."

டாக்டர் லிம் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி இலை கோவிந்துவுடையது. தேங்காய்ப்பால் சோறு, பொரித்த மீன், ஒரு குவளை கோப்பி. கோப்பி கொழகொழவென்று வெள்ளையாக இருந்தது. அத்தனை பால்.

"அவனுக்குக் கருப்புக் கோப்பிதான் உயிரு" என்றாள். "என்னால ஊத்த முடியல. அவன் திட்டுவான். திட்டட்டும்."

ஊதுபத்தி கொளுத்தியதும் எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அவர்கள் சாப்பிடும்போது உயிருள்ளவர்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதாம். முற்றத்தில் வெயிலில் நின்றோம். பத்திருபது பேர், ஒரு மூடிய கதவைப் பார்த்தபடி, விருந்தாளியின் வயிறு நிறையக் காத்திருக்கும் முகங்களோடு. மேளம் கேட்ட மெலிந்த மனிதர் என் பக்கம் சாய்ந்து, "சீனப் பாட்டி மெதுவாத்தான் சாப்பிடும். நிழலுக்கு வந்துருங்க" என்றார்.

டாக்டர் லிம் நிழலுக்கு வரவில்லை. கச்சான் பையைக் கையில் சுருட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் என்னிடம் பேசினார்.

"இந்தக் குறை தாய்வழியாக வருகிறது என்று சந்தேகம் இருக்கிறது. பெரும்பாலும் தாயை ஒன்றும் செய்யாது. அவள் பெற்ற ஆண்பிள்ளையைப் பிடிக்கும். தாய்மாமனுக்கு வந்தது மருமகனுக்கும் இருக்கலாம். உள்ளே பார்த்தீர்களே, அந்தத் தாய்மார் இலைகள். ஒன்றாவது கப்பலில் வந்ததா?"

"இல்லை."

"நான் தோட்டத்தில் எடுத்து வைத்திருக்கும் கணக்கு அந்த வெறும் பருப்பு இலைக்கு மட்டும் சரி. அதை வைத்து ஒரு டாக்டர் ராஜாவிடம், நீ தமிழன், தைரியமாக முழுங்கு என்பார். நானே நேற்றுச் சொல்லியிருப்பேன்." முற்றத்தில் நின்றவர்களைக் காட்டிச் சொன்னார்: "கணக்கு கலங்கிவிடும் என்று யாரை விட்டுவிடச் சொன்னார்களோ, அவர்கள் மேல்தான் அந்தக் கணக்கு போய் விழும்."

கதவு திறந்தது. டாக்டர் நேரே மக் லெட்சுமியிடம் போனார்.

"உங்களை நான்காவது பக்கமாகச் சேர்க்கிறேன். மேலிடத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ராஜாவுக்கு இப்போதே ஊசி போடலாமா?"

"இப்பவா? ஐயோ, அவங்க யாரும் இன்னும் கிளம்பல. ஊசியப் பாத்தா மெரண்டுருவாங்க. நாளைக்கு." வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவள் சேர்த்தாள்: "இன்னொண்ணு. எடுத்துட்டுப் போறது போல, என்ன ஆச்சுன்னு இங்க வந்து சொல்லணும். எங்க பேச்சுல. நீங்களே."

தோட்டத்துப் பெண்ணின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. டாக்டருக்கும் வந்திருக்க வேண்டும். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "நானே வருவேன்" என்றார். "முதலில் இங்கே. பிறகு தோட்டத்துக்கும்."

அதற்குப் பிறகு சாப்பிட்டதை எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. புளியில் கொதித்த மீன் ஒன்று இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் கோயில் வளாகம் திருவிழா போல இருந்தது. கைக்குழந்தைகளைத் தவிரத் தெருவே வரிசையில் நின்றது. மெலிந்த மனிதர் முறை வந்ததும் கையை நீட்டிச் சொன்னார்: "பாத்து எடுங்க டாக்டர், பாதிக்கு மேல சம்பல்தான் ஓடுது." ராஜா கண்ணை மூடிக்கொண்டான். மக் லெட்சுமி மூடவில்லை. எனக்குக் கொடுத்த வேலை, அழும் குழந்தைகளுக்கு முகம் கோணிக் காட்டுவது. என் இலக்கிய வாழ்வில் இவ்வளவு உடனடிப் பாராட்டு கிடைத்ததில்லை.

ரத்தம் கெடாமல் ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும். கெட்டால் திங்களுக்குள் மறுபடி எடுத்துப் பார்க்க நேரமில்லை. கம்பம் நடும் வேலைக்காக நேர்வழியை மறித்திருந்தார்கள். தெங்கேரா வழியாகச் சுற்றிய வேன், கடற்கரைச் சேற்று வாசனை எட்டும் இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. முன்னாலிருந்து ஆவி எழுந்தது. ரத்தக் குப்பிகள் இருந்த ஐஸ் பெட்டிக்குள் பார்த்த மாணிக்கம், "அலாமாக்! ஐஸ் கரைஞ்சிருச்சு!" என்றான்.

சாலையோரம் ஒரு மலாய்ப் பெரியவர் ஐஸ் சீவி, பந்தாகப் பிடித்து, சிவப்புச் சர்க்கரைப் பாகு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாணிக்கம் ஓடிப்போய் ஐஸ் கேட்டான். எதற்கு என்றார். ரத்தத்துக்கு என்றான். பெரியவர் இரண்டடி பின்னால் போனார்.

"யார் ரத்தம்?"

"காஜா பேராங் செட்டிங்க ரத்தம், பாக். மக் லெட்சுமி மகன் ரத்தமும் இருக்கு."

"கோவிந்து மருமகனா?" பெரியவர் முகம் மாறியது. "அவனும் நானும் ஒண்ணாப் பந்து விளையாடுவோம்." சீவிக்கொண்டிருந்த கட்டியை அப்படியே தூக்கிச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். வரிசையில் நின்ற பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். "போங்கடா, நாளைக்கு வாங்க!" என்று அவர்களை விரட்டிவிட்டு, எதிரே போன மூன்று சக்கர பெச்சாவைக் கைதட்டி நிறுத்தினதும் அவர்தான். டாக்டர் வேனிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினார். மாணிக்கத்தின் மடியில் பெட்டி, என் மடியில் சாக்கு. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வே இல்லை. ரத்தம் மட்டும் நலமாக இருந்தது.

ஞாயிறு காலை டாக்டர் லிம் சொன்னபடி காஜா பேராங்குக்கு வந்தார். மற்றவர்களுக்கு வீடு வீடாகப் போய்த் தனித்தனியே சொன்னார். மக் லெட்சுமியின் வீட்டில் உட்கார்ந்து, மலாயில், சுற்றி வளைக்காமல் சொன்னார். ராஜாவின் ரத்தத்தில் மருந்தைக் கலந்து கண்ணாடியில் பார்த்தபோது அது உடைந்தது. மாமனுக்கு இருந்தது மருமகனுக்கும் இருக்கிறது. அந்த மாத்திரை அவனுக்கு ஆகாது. வேறு பழைய மாத்திரை இருக்கிறது, அது ஆகும், கொசுவலை கட்டாயம்.

மக் லெட்சுமி மகன் பக்கம் திரும்பினாள். "போகாதே" என்றாள்.

"மக், மாமா தெரியாமப் போனாரு" என்றான் ராஜா. "நான் தெரிஞ்சுட்டுப் போறேன்."

அவள் எழுந்து உள்ளே போய், அவன் பெட்டியில் இரண்டாவது கொசுவலை ஒன்றை வைத்தாள்.

திங்கட்கிழமை, தெங்கேரா சாலையில் லாரி உறுமிக்கொண்டு நின்றது. ஏறுகிறவர்கள் அந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு, லாரி கிளம்புமுன் தண்ணீரோடு முழுங்க வேண்டும். பக்கத்தில் நின்று கொடுத்தவர் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா; இளைஞர், புதிய சட்டை, புதிய பேனா. நாங்களும் போயிருந்தோம், டாக்டர் தன் பெட்டியோடு. ராஜா முறை வந்தது. மாத்திரையை வாங்கித் திருப்பிக் கிராணியின் தட்டிலேயே வைத்தான்.

"எனக்கு இது ஆகாது. வேற குடுங்க."

"இந்தியர்களுக்கு இது ஒண்ணும் பண்ணாது, தம்பி. புஸ்தகத்துல இருக்கு. முழுங்கு, இல்லாட்டி வீட்டுக்குப் போ."

"அந்தக் கணக்கில் ஒரு பங்கு நான் எழுதியது" என்றார் டாக்டர் லிம். "அதில் இவர் இல்லை. இனிமேல் இருப்பார். இவருடைய ரத்தம் உடைவதை நானே பார்த்தேன். பழைய மாத்திரை இந்தப் பெட்டியில் இருக்கிறது; அது என் பொறுப்பு."

கிராணி டாக்டரைப் பார்த்தார். பக்கத்தில் அசையாமல் நின்ற மக் லெட்சுமியைப் பார்த்தார். தட்டிலிருந்த மாத்திரையைத் தனியே எடுத்து வைத்து, ராஜாவுக்கு வழிவிட்டார்.

லாரிக்குள்ளிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது. ரப்பர் தோட்டத்து ஆள் ஒருவர், கையில் இன்னும் முழுங்காத மாத்திரை. "ஐயா, அந்தத் தம்பிக்கு என்னாங்க?"

கடைசியில் என் தமிழுக்கும் ஒரு வேலை. சிலருக்கு இது ரத்தத்தை உடைக்கும், வெளியே பார்த்தால் தெரியாது, ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால் தெரியும் என்றேன்.

"அப்ப எனக்கு யாரு பாத்தா?"

மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் கீழே குதித்தார். பக்கத்திலிருந்த மலாய்க்காரர் என்ன பேச்சு என்று ராஜாவைக் கேட்டார், ராஜா சொன்னான். அவரும் இறங்கினார். இரண்டு சீன இளைஞர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, டாக்டரைப் பார்த்துத் தலையாட்டி இறங்கினார்கள். மாணிக்கம் லாரியின் பின்பலகையைத் துடைத்து ஊசிகளை வரிசையாக வைத்தான். முடிவு முகாமுக்கு வரும் என்றும், அதுவரை எல்லாருக்கும் பழைய மாத்திரைதான் என்றும் டாக்டர் மூன்று மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவதற்கு என்னைத் தள்ளிவிட்டார்.

"டாக்டர், லாரி கிளம்பணும்! நேரமாச்சு!" என்றார் கிராணி.

முன்னால் லாரிக்காரர் சாவியைத் திருப்பினார். உறுமல் நின்றது. கதவைத் திறந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டியபடி அவர் இறங்கி வந்து வரிசையின் கடைசியில் நின்றார்.